பத்து வயதுக்காரிக்கு லாஸ் அலமோஸ் கதை சொல்லலாமா?

ஒரு வாசகரின் கேள்வி:

"சிறுவர் நாவல் ஒன்று எழுதி வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். முதல் அணுகுண்டு செய்த ஊர், போர்க்காலம், இரண்டு சிறுமிகளின் நட்பு. எனக்கு இது உறுத்துகிறது. ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் போன குண்டு அது. அதன்மேல் தோழமை, குறும்பு, பள்ளிக்கூடம் என்று சர்க்கரை தடவி எதற்குக் கொடுக்க வேண்டும்? குழந்தைக்கு உண்மையைச் சொல்ல முடியாது என்றால் வேறு ஊரைப் பாருங்கள். சொல்ல முடியும் என்றால் அது சிறுவர் நாவலாக இருக்காது."

2025 ஜூன் 8, ஞாயிறு

இரண்டு நாளாக இந்தக் கேள்வியை மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

சர்க்கரை நான் தடவியது இல்லை. அந்த ஊரில் பிள்ளைகள் நிஜமாகவே இருந்தார்கள். 1943 தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், லாஸ் அலமோஸ் என்ற மேட்டு நிலத்தில், குண்டு செய்வதற்கான ரகசிய ஆய்வகம் எழும்பியது. வந்தவர்களில் பலர் இருபதுகளில் இருந்தவர்கள், கல்யாணமாகிச் சில வருஷமே ஆனவர்கள். முதல் வருஷத்திலேயே எண்பது பிரசவம் நடந்ததாகச் சொல்வார்கள். இயக்குநர் ராபர்ட் ஓப்பன்ஹைமரின் மகளே 1944 டிசம்பரில் அங்கேதான் பிறந்தாள். அங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் ஊர்ப் பெயர் கிடையாது. 'அஞ்சல் பெட்டி எண் 1663, சாண்டா ஃபே' என்று மட்டும் இருக்கும். ஊரில் இருந்த எல்லாருக்கும் அதுதான் முகவரி. ஓட்டுநர் உரிமத்தில் பெயருக்குப் பதில் எண். தாத்தா பாட்டிக்குக் கடிதம் எழுதினால் உறையை ஒட்டாமல் கொடுக்க வேண்டும், தணிக்கைக்காரர் படித்த பிறகுதான் போகும்.

'அப்பா என்ன வேலை பார்க்கிறார்?' என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு ஊர் முழுக்கப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவர்களுக்குத் தெரியாது என்பதே அந்த ஊரின் உண்மை. அதைத்தான் எழுதுகிறேன்.

2025 ஜூன் 9

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். 'பிள்ளைகளுக்குத் தெரியாது' என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாது.

ஆய்வகம் வருவதற்கு முன் அந்த மேட்டில் பையன்களுக்கான ஓர் உறைவிடப் பள்ளி இருந்தது. 1942 கடைசியில் அந்நியர் சிலர் வந்து சுற்றிப் பார்த்தார்கள். 'ஸ்மித்', 'ஜோன்ஸ்' என்று அறிமுகம். அங்கே படித்த ஸ்டர்லிங் கோல்கேட் என்ற பையன், பாடப்புத்தகத்தில் பார்த்த படத்தை வைத்து, இவர் ஓப்பன்ஹைமர், அவர் எர்னஸ்ட் லாரன்ஸ் என்று அடையாளம் கண்டுவிட்டதாகப் பிற்காலத்தில் சொன்னார். பெரிய இயற்பியல்காரர்கள் இந்தக் காட்டுக்குள் பொய்ப்பெயரில் எதற்கு வர வேண்டும் என்று அந்தப் பையன்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். பிறகு கோல்கேட்டே இயற்பியலாளராகி அதே லாஸ் அலமோஸில் வேலை பார்த்தார்.

பெரியவர்கள் குரலைத் தாழ்த்தும்போதுதான் பிள்ளைக்குக் காது நீளும். என் நாவலின் நோரா, பதினொரு வயது, அப்படிப்பட்டவள். அவளுக்குத் துண்டு துண்டாகத் தெரியும். துண்டுகளைச் சேர்க்க ஒரு சிநேகிதி வேண்டும். நட்பு இந்தக் கதைக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது இல்லை. ஒரு ரகசியத்தின் இரண்டு பாதிகள் இரண்டு பிள்ளைகளிடம் இருந்தால் அவர்கள் சிநேகிதிகளாகாமல் என்ன ஆவார்கள்?

2025 ஜூன் 14, சனி

வாசிப்பு வட்டத்தில் முதல் மூன்று அத்தியாயங்களை இன்று படித்தேன். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர். குண்டு, போர், ஹிட்லர் பற்றிக் கேட்பார்கள் என்று தயாராகப் போயிருந்தேன். அவர்கள் கேட்டது அடுப்பைப் பற்றி.

லாஸ் அலமோஸ் ஏறக்குறைய நம் ஊட்டி உயரம், 2,200 மீட்டருக்குச் சற்று மேல். தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பீன்ஸ் வேகவே வேகாது. விறகும் கரியும் போட்டு எரிக்கிற பெரிய கறுப்பு இரும்பு அடுப்பு வேறு. பிரஷர் குக்கர் வைத்திருந்த வீட்டுக்குத் தனி மரியாதை. இதைப் படித்ததும் ஒரு பெண், 'எங்க சித்தி கோத்தகிரில இருக்காங்க டீச்சர், அவங்க வீட்லயும் குக்கர் இல்லாம பருப்பு வேகாது' என்றாள். அதற்கு மேல் அவளுக்கு அது அமெரிக்கா இல்லை.

அங்கிருந்தவர்கள் தங்கள் ஊரைப் பெயர் சொல்லாமல் 'மலை' என்றே சொன்னார்கள். 'மேலே போறோம்' என்று எழுதினேன். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறுகிறவர்கள் சொல்வது மாதிரி. அதுவும் சரியாக உட்கார்ந்துவிட்டது.

உட்காராத சொல் ஒன்று இருக்கிறது. குண்டைக் குண்டு என்று அங்கே யாரும் சொல்லக் கூடாது. 'கேட்ஜெட்' என்பார்கள். அதைத் தமிழில் என்ன சொல்வது? 'கருவி' என்றால் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி அலமாரிக்குள் இருப்பது மாதிரி ஒலிக்கிறது. 'மெஷின்' என்றால் தையல் மெஷின்தான் ஞாபகம் வருகிறது. இப்போதைக்குக் 'கருவி' என்றே விட்டிருக்கிறேன். யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் சொல்லுங்கள்.

2025 ஜூன் 16

இன்றைக்கு ஆர்லீன் இறந்து எண்பது வருஷம்.

ரிச்சர்ட் ஃபெய்ன்மன் அப்போது லாஸ் அலமோஸில் வேலை பார்த்த இருபத்தேழு வயது இயற்பியல்காரர். மனைவி ஆர்லீனுக்குக் காசநோய். கீழே ஆல்புகர்க்கி நகரில் ஒரு மருத்துவ விடுதியில் அவளைச் சேர்த்துவிட்டு, வாராவாரம் யாருடைய வண்டியிலாவது தொற்றிக்கொண்டு இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போவார். இருவருக்கும் புதிர்க் கடிதங்கள் எழுதுவது விளையாட்டு. தணிக்கைக்காரர்களுக்கு அது பெரிய தலைவலி. 1945 ஜூன் 16 அன்று அவள் இறந்தாள். அறையில் இருந்த கடிகாரம் 9.21இல் நின்றிருந்தது. அது ஏற்கெனவே அவர் அடிக்கடி பழுது பார்த்து வந்த கடிகாரம். செவிலி நேரம் குறிக்க அதைக் கையில் எடுத்துத் திருப்பியிருப்பார், அதில் நின்றிருக்கும் என்று அவர் காரணம் கண்டுபிடித்தார். அழவில்லை. மாதங்கள் கழித்து வேறொரு ஊரில் கடைச் சன்னலில் ஒரு பாவாடைச் சட்டையைப் பார்த்து, ஆர்லீனுக்கு இது பிடிக்கும் என்று நினைத்த கணத்தில்தான் அழுகை வந்தது.

சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 16, அதே மாநிலத்தின் பாலைவனத்தில் முதல் அணுகுண்டின் சோதனை வெடிப்பு.

ஆர்லீன் இறந்த அன்றைக்கு ஆல்புகர்க்கிக்குப் போக ஃபெய்ன்மன் இரவல் வாங்கிய வண்டி கிளவுஸ் ஃபூக்ஸ் என்பவருடையது. இந்த மனிதரை நாவலில் எப்படிக் கையாளுவது என்று தெரியாமல் தவிக்கிறேன். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த ஜெர்மானிய இயற்பியல்காரர். அதிகம் பேசமாட்டார். தாய் தகப்பன் இரவு விருந்துக்குப் போக வேண்டுமென்றால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவரைத்தான் கூப்பிடுவார்கள். அத்தனை நம்பிக்கையான ஆள். அவர்தான் 1945 ஜூனில் சாண்டா ஃபேயில் ஒரு பாலத்தருகே குண்டின் விவரங்களைச் சோவியத் உளவுக்காகக் கைமாற்றியவர். 1950இல் இங்கிலாந்தில் பிடிபட்டு 14 வருஷத் தண்டனை.

பிள்ளைகளுக்குப் பிடித்த மாமா. நல்லவரா கெட்டவரா என்று வட்டத்தில் கேட்பார்கள். அவர்களிடம் அன்பாக இருந்தது பொய்யில்லை என்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

2025 ஜூன் 22

ஒருவர் எழுதியிருக்கிறார்: 'கீதை வரி எந்த அத்தியாயத்தில் வருகிறது?'

வராது. ஓப்பன்ஹைமர் பெர்க்லியில் ஆர்தர் ரைடர் என்பவரிடம் சமஸ்கிருதம் படித்தவர், கீதையை மூலத்தில் வாசித்தவர், உண்மை. ஆனால் 'உலகங்களை அழிக்கும் காலனானேன்' என்ற கீதை வரி சோதனை வெடிப்பு நடந்த விடிகாலையில் தன் நினைவுக்கு வந்ததாக அவர் 1965இல் தொலைக்காட்சியில் சொன்னதுதான் நாமெல்லாம் பார்க்கிற காட்சி. அன்று பக்கத்தில் படுத்திருந்த தம்பி ஃபிராங்க், அண்ணன் வாயிலிருந்து வந்தது 'வேலை செய்துவிட்டது' என்கிற மாதிரி ஒரு சொல் என்று நினைவுகூர்ந்தார். இருபது வருஷம் கழித்து ஒரு மனிதர் தனக்குள் கண்டெடுத்த வரி அது. 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளித் தூங்கிக்கொண்டிருந்த நோராவுக்கு அதில் வேலையில்லை.

2025 ஜூன் 23, காலை

பெரிய திருத்தம். இரவெல்லாம் இதுதான்.

இரண்டாம் அத்தியாயத்தில் 'யாருமே இல்லாத வெற்று மேட்டில் ஒரு ஊர் முளைத்தது' என்று எழுதி, வட்டத்திலும் படித்துவிட்டேன். நேற்றிரவு ஒரு அக்கா தனிச் செய்தியில் ஒரே வரி கேட்டார்: 'அந்த நிலம் யாருடையது?'

வெற்று மேடு இல்லை. பள்ளியைப் பற்றி நானே எழுதினேன். அது மட்டுமில்லாமல் அந்தப் பஹாரீட்டோ மேட்டில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் பீன்ஸும் சோளமும் பயிரிட்டுக்கொண்டிருந்தன. ராணுவம் அவர்களைக் கிளப்பியது. கிடைத்த விலை அற்பம். அந்த வாரிசுகளுக்காக அமெரிக்க அரசு 1 கோடி டாலர் ஒதுக்கியது 2004இல்தான். நிலத்தை இழந்தவர்களில் சிலர் அதே மேட்டுக்குக் கூலிவேலைக்கு ஏறி வந்தார்கள். கீழே ரியோ கிராண்டே ஓரத்தில் சான் இல்டெஃபோன்சோ என்ற பூர்வகுடி ஊர். அங்கிருந்தும் எஸ்பன்யோலா பள்ளத்தாக்கிலிருந்தும் பெண்கள் தினமும் ராணுவ பஸ்ஸில் வீட்டுவேலைக்கு வந்து போனார்கள். விஞ்ஞானிகளின் மனைவிகள் பலர் ஆய்வகத்தில் வேலை பார்த்தார்கள். கணக்குப் போடும் மார்சன்ட் எந்திரங்களின் முன்னால் உட்கார்ந்து நாள் முழுக்க எண்களைத் தட்டியவர்களில் அவர்களும் உண்டு. அவர்கள் வீட்டில் அடுப்பெரித்துப் பிள்ளை பார்த்தது கீழேயிருந்து வந்த பெண்கள்.

நான் இரண்டு விஞ்ஞானிகளின் பெண்களைச் சிநேகிதிகளாக்கி வைத்திருந்தேன். இரண்டு பேருமே வேலிக்கு உள்ளே. அந்த பஸ்ஸை நான் பார்க்கவேயில்லை.

2025 ஜூன் 23, இரவு

பார்க்கவில்லை என்பது எனக்கு ஏன் இப்படி வலிக்கிறது என்றால், நான் வளர்ந்ததே வேலி போட்ட குடியிருப்பில்.

பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் குவார்ட்டர்ஸ். ஊர் பேர் வேண்டாம். காலையில் சங்கு ஊதும், அப்பா சைக்கிளில் போவார், சாயங்காலம் சங்கு ஊதும், வருவார். நடுவில் என்ன செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. லாஸ் அலமோஸிலும் காலையில் சங்கு ஊதும் என்று படித்தபோது எனக்கு அடிவயிறு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பால் ஊற்ற வரும் அம்மாவோடு அவள் மகளும் வருவாள். என் வயசு. ஐந்து கல் ஆட்டத்தில் என்னை ஜெயிக்க அவளால்தான் முடியும். என் ஒன்பதாவது பிறந்தநாளுக்குச் சாயங்காலம் வா என்று கூப்பிட்டேன். அது பால் நேரம் இல்லை என்பதால் கேட்டில் விடவில்லை. நல்ல பாவாடை கட்டிக்கொண்டு, கையில் ஒரு பொட்டலத்தோடு, இருட்டும்வரை நின்றுவிட்டுப் போயிருக்கிறாள். மறுநாள் வாட்ச்மேன்தான் சொன்னார். நான் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஏன் வரவில்லை என்று கோபமாகக்கூட இருந்தேன்.

பொட்டலத்தில் என்ன இருந்தது என்று அவள் சொல்லவேயில்லை. நான் கேட்கவும் இல்லை.

நோராவின் சிநேகிதி இனி லூசியா. பன்னிரண்டு வயது. தாத்தாவின் பீன்ஸ் நிலம் இருந்த இடத்தில் இப்போது நோராவின் வீடு நிற்கிறது. அம்மாவுக்கு ஒத்தாசையாக பஸ்ஸில் வருகிறாள். ஐந்து மணி பஸ்ஸில் இறங்கிவிட வேண்டும்.

2025 ஜூலை 5

அமெரிக்காவில் நேற்று கையெழுத்தான ஒரு பெரிய சட்டத்துக்குள் சின்னதாக ஒரு பகுதி: கதிரியக்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டில் நியூ மெக்சிகோ மக்களையும் சேர்த்திருக்கிறார்கள். முதல் சட்டம் 1990இல் வந்தது. நெவாடா மாநில அணுச் சோதனைகளிலிருந்து காற்று வீசிய பக்கம் இருந்தவர்களுக்கு அதில் இடமிருந்தது. உலகின் முதல் அணுவெடிப்பின் பக்கத்தில் இருந்தவர்களுக்கு முப்பத்தைந்து வருஷம் இல்லை.

கேள்வி கேட்ட வாசகருக்கு: முதல் பதிலில் நான் ஹிரோஷிமாவைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன். 'குண்டு எங்கோ தூர தேசத்தில் விழுந்தது, இந்தப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்' என்று. முதல் குண்டு வெடித்தது அவர்கள் மாநிலத்திலேயே.

2025 ஜூலை 12, சனி

வட்டத்தில் இன்று காகிதச் சோதனை.

என்ரிகோ ஃபெர்மி, இத்தாலியர், நோபல் வாங்கியவர். மனைவி யூதர் என்பதால் 1938இல் குடும்பத்தோடு வெளியேறியவர். அவர் மகள் நெல்லாவும் மகன் ஜூலியோவும் லாஸ் அலமோஸில்தான் பள்ளிக்குப் போனார்கள். ரகசியத்துக்காக அவருக்கு வைத்த பெயர் 'ஹென்றி ஃபார்மர்'. வெடிப்பு நடந்தபோது ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தள்ளி நின்றார். கையில் கிழித்த காகிதத் துண்டுகள். சுமார் 40 விநாடி கழித்துக் காற்றலை வந்து அடித்தது. அந்த நேரம் பார்த்துத் துண்டுகளை விட்டார். இரண்டரை மீட்டர் தள்ளிப்போய் விழுந்தன. அதை வைத்தே குண்டின் பலம் 10,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம் என்று கணக்குச் சொன்னார். பிற்காலக் கணக்கு 21,000, அதற்கும் மேல். ஒரு கைப்பிடிக் காகிதத்தை வைத்து அவ்வளவு கிட்டத்தில் போனார்.

பிள்ளைகள் பரீட்சை அட்டையால் விசிறி, காகிதம் விட்டு, தரையில் சாக்பீஸ் கோடு போட்டு அளந்தார்கள். ஒரு பையன் 16,000ஐ 340ஆல் வகுத்துவிட்டு, 'ஒலி வர 47 விநாடி ஆகணுமே டீச்சர், 40ல எப்படி?' என்றான். தொடக்கத்தில் அதிர்வலை ஒலியைவிட வேகமாகப் போகும், 16 என்பதும் உத்தேசம்தான் என்று விளக்கினேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அறிவியல் ஆசிரியைக்கு அதைவிட என்ன வேண்டும்?

வீட்டுக்கு வரும் வழியில்தான் மனசு கனத்தது. அந்த மலர்ச்சி லாஸ் அலமோஸிலும் இருந்தது. அவர்கள் கெட்டவர்களாக இருந்ததால் குண்டு பிறக்கவில்லை. கணக்கு வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் பிறந்தது. இதை நாவல் மறைக்கக் கூடாது. நோராவின் அப்பா நல்ல அப்பாவாகவே இருக்கட்டும்.

ஜோசப் ராட்பிளாட் என்ற ஒருவர் மட்டும், ஜெர்மனி குண்டு செய்யப்போவதில்லை என்று தெரிந்ததும், 1944 கடைசியில் வேலையை விட்டுக் கிளம்பினார். போலந்துக்காரர். வார்சாவில் சிக்கிய மனைவியைப் போரில் இழந்தவர். 1995இல் அமைதிக்கான நோபல். நோராவின் வகுப்பில் ஒரு நாள், 'அந்த மாமா ஏன் டாட்டா சொல்லாம போய்ட்டார்?' என்று ஒரு வரி வைத்திருக்கிறேன்.

2025 ஜூலை 16, மாலை

அங்கே விடியற்காலை 5.29. நம் கடிகாரத்தில் இன்று சாயங்காலம் ஐந்து அடிக்க ஒரு நிமிஷம். எண்பது வருஷம். மொட்டைமாடியில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

எட்டாம் அத்தியாயத்தில் சோதனைச் சத்தம் லாஸ் அலமோஸில் கேட்டதாக எழுதியிருந்ததை அடித்துவிட்டேன். தூரம் 200 கிலோமீட்டருக்கும் மேல். விஷயம் தெரிந்த சிலர் ஊருக்குப் பக்கத்தில் பனிச்சறுக்கு ஆடும் குன்றில் ஏறி இரவெல்லாம் குளிரில் காத்திருந்தார்கள். மழையால் நாலு மணிக்கு நடக்க வேண்டியது தள்ளிப்போனது. நடக்கவில்லை போல என்று நினைத்திருந்த நேரத்தில் தெற்கே வானம் வெளுத்தது. முதலில் வெளிச்சம் மட்டும்தான்.

ராணுவம் பத்திரிகைக்குச் சொன்னது: அலமகோர்டோ விமானத் தளத்தில் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துவிட்டது, உயிர்ச்சேதம் இல்லை.

சுற்றுவட்டாரத்தில் யாரையும் முன்கூட்டி அப்புறப்படுத்தவில்லை. கூரையிலிருந்து வடியும் மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கிற குடும்பங்கள். மாடுகளின் முதுகில் மயிர் வெளுத்தது. ருயிடோசோ என்ற மலையூரில் சிறுமிகள் சிலர் நடன முகாமுக்கு வந்திருந்தார்கள். வெடித்த அதிர்வில் கட்டிலிலிருந்து விழுந்தார்கள். அன்று பகலில் வானத்திலிருந்து வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. ஜூலையில் பனி என்று குதித்து, கையில் பிடித்து, முகத்தில் தேய்த்துக்கொண்டார்கள். குளிரவில்லை, சூடாக இருந்தது, கோடை என்பதால் இருக்கும் என்று நினைத்தோம் என்று அவர்களில் ஒருவர் முதுமையில் சொன்னார். கூட இருந்தவர்களில் பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டவில்லை என்றும் சொன்னார்.

அவர்களுக்குப் பதின்மூன்று வயது. என் வட்டத்துப் பிள்ளைகள் வயது. வாசகரே, இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்ற உங்கள் கேள்வியை இன்று வேறு மாதிரி கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பிள்ளைகளிடம் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உள்ளே போங்கள், முகத்தைக் கழுவுங்கள் என்று.

2025 ஜூலை 27

'கேட்ஜெட்'டுக்குச் சொல் கிடைத்தது. வட்டத்தில் இருக்கும் மிகச் சின்னவள் கொடுத்தது. 'பொருள்.'

'அப்பா பொருளைப் பாக்கப் போயிருக்கார்.' 'பொருள் தயாராயிடுச்சா?' யாரும் பேர் சொல்ல விரும்பாத ஒன்றுக்கு இதைவிடச் சாதாரணமான சொல் கிடையாது. தமிழில் அதற்கே அர்த்தம் என்றும் அர்த்தம். லூசியா ஒரு இடத்தில் நோராவிடம் கேட்கிறாள், 'அதுக்கு என்ன பொருள்?' என்று. நோராவுக்கு எந்தப் பொருளைக் கேட்கிறாள் என்று புரியவில்லை. அந்த வரி எழுதிய அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

2025 ஆகஸ்ட் 2, சனி

பச்சைக் கல் அத்தியாயம் படித்தேன்.

வெடிப்பின் வெப்பத்தில் பாலைவன மணல் உருகி மேலே போய்த் துளித்துளியாக விழுந்து இறுகியது. இளம்பச்சைக் கண்ணாடி, நிலத்தில் விரித்த மாதிரி. சோதனைக்கு டிரினிட்டி என்று பெயர் வைத்ததால் அதற்கு டிரினிடைட். பார்க்க அவ்வளவு அழகு. மேசைமேல் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. பிறகு நகை செய்து போட்டுக்கொண்டார்கள். 1953இல் இடத்தையே மண் தள்ளி மூடினார்கள்.

என் கதையில் நோராவின் அப்பா ஒரு துண்டைக் கொண்டு வருகிறார். அவளிடம் இருப்பதிலேயே அழகான சாமான் அதுதான். அதை லூசியாவுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கிறாள். நட்பின் உச்சம் என்று நினைத்துக் கண்ணீரோடு எழுதியிருந்தேன்.

படித்து முடித்ததும் வட்டத்தில் சத்தமே இல்லை. பிறகு குக்கர் கதை சொன்ன பெண் கேட்டாள்: 'குடுக்கலாமா டீச்சர்? அவங்க நிலத்தையும் எடுத்துக்கிட்டு, அதையும் குடுக்கலாமா?'

இன்னொருத்தி: 'நோராவுக்குத்தான் தெரியாதே.'

'அவளுக்குத் தெரியாது. எழுதுற டீச்சருக்குத் தெரியும்ல?'

முக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது. நான் வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது அந்தப் பெண்ணின் நோட்டில் என் பேனாவால் அவள் கேட்டதை அவளையே எழுதச் சொல்லி வாங்கி வந்தேன். இப்போது மேசைமேல் இருக்கிறது.

2025 ஆகஸ்ட் 6

இன்று எழுத உட்காரவில்லை. காலை 8.15க்கு வகுப்பில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். 1945இல் குண்டு விழுந்த அந்த நேரத்தில் ஹிரோஷிமாவில் வீடுகளை இடித்துத் தீத்தடுப்புச் சந்து வெட்டப் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப் போயிருந்தார்கள். ஆயிரக்கணக்கில் அப்படியே போனார்கள். ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு. 'உள்ளேன் டீச்சர்' என்று ஒவ்வொரு குரலாக வந்தது. இருபத்தோராவது பெயரில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

2025 ஆகஸ்ட் 10, ஞாயிறு

கடைசி அத்தியாயத்தை மாற்றி எழுதிவிட்டேன்.

செய்தி வெளியானதும் லாஸ் அலமோஸ் பிள்ளைகள் சட்டி, மூடி, கரண்டிகளைத் தட்டிக்கொண்டு வீடு வீடாக ஊர்வலம் போனார்கள். முதன்முறையாக அப்பா செய்த வேலையின் பெயரை வாய்விட்டுச் சொல்ல முடிந்த நாள். நோராவும் போகிறாள். கையில் அம்மாவின் வாணலி. பாவாடைப் பையில் பச்சைக் கல், லூசியாவுக்கு.

ஐந்து மணி பஸ் கேட்டருகே நிற்கிறது. லூசியா சன்னலோரம். அவளுக்கும் செய்தி தெரியும். அவள் ஊரில் யாரும் சட்டி தட்டவில்லை. அண்ணன் இன்னும் பசிபிக்கில் கப்பலில் இருக்கிறான், வந்துவிடுவான் என்று அவள் அம்மா அழுதுகொண்டிருக்கிறாள். அதையும் எழுதியிருக்கிறேன். போர் முடியப் போகிறது என்ற நிம்மதியும் பொய்யில்லை.

லூசியா சன்னல் வழியாகக் கையை நீட்டுகிறாள். ஒரு துணி முடிச்சு. தாத்தாவின் நிலத்தில் கடைசியாக விளைந்த பீன்ஸிலிருந்து பாட்டி விதைக்கென்று எடுத்து வைத்த ஒரு பிடி. 'உங்க வீட்டுப் பின்னால ஊனு. அந்த மண்ணு இதுக்குத் தெரியும்.'

நோரா வாங்கிக்கொள்கிறாள். இன்னொரு கை பைக்குள் போகிறது. கல் விரலில் படுகிறது. பஸ் கிளம்புகிறது. கை வெளியே வரவில்லை.

ஏன் கொடுக்கவில்லை என்று அவளுக்குத் தெரியாது. நானும் அங்கே ஒரு வரியும் எழுதவில்லை. வருகிற சனிக்கிழமை வாசிக்கப்போகிறேன். அந்த நோட்டையும் அவளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.